புழுன்னு சொல்லாதீங்க... பொறியாளர்னு சொல்லுங்க!

ஃப்ரெண்ட்ஸ், ஒரு சின்ன டெஸ்ட். தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஹோஸ் பைப்பைத் தரையில போட்டுட்டு, டேப்பை ஃபுல்லா திறந்து பார்த்திருக்கீங்களா? அடுத்த செகண்டே பைப்புக்கு சாமி வந்திடும். நெளியும், துள்ளும், நாலு பக்கமும் பீய்ச்சியடிக்கும். கொடியில காயற துணி, திண்ணையில பேப்பர் படிக்கிற தாத்தான்னு ஒருத்தரையும் விடாது. இதுல முக்கியமான மேட்டர் என்னன்னா... பைப்பை யாரும் ஆட்டலை. தானா ஆடுது!

இந்த ஆட்டத்தையே ஆயுதமா வெச்சு வயித்தைக் கழுவுற ஒரு ஜீவன் இருக்கு. மோட்டார் கிடையாது, எலும்பு கிடையாது, காலுக்கு மூட்டுகூட கிடையாது. பேரு, வெல்வெட் புழு.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். 'புழுவைப் பத்தி எழுத உனக்கு என்னப்பா தகுதி?'ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். ப்ளஸ் டூவோட பயாலஜிக்குப் பெரிய கும்பிடு போட்டு வழியனுப்பி வெச்சவன் நான். ஆனா, கடந்த மூணு மாசமா என் நோட்டு, என் செல்போன், எங்க ப்ராஜெக்ட் க்ரூப்போட நிம்மதி... எல்லாத்து மேலயும் இந்தப் புழு ஊர்ந்துட்டு இருக்கு. 'கல்ச்சுரல்ஸ் சீஸன் வருதே, அதைப் பத்தி எழுதேன்'னு ஆபீஸ்ல சொன்னாங்க. நான்தான் அடம்பிடிச்சு இதைக் கையில எடுத்தேன். ஏன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

தம்பலப்பூச்சி இல்லீங்க!

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். மழை பெஞ்சதும் செம்மண் காட்டுல சிவப்பா, மெத்து மெத்துன்னு ஊர்ந்து வருமே... தீப்பெட்டிக்குள்ள போட்டு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போவோமே... அந்தத் தம்பலப்பூச்சியையும் வெல்வெட் பூச்சின்னுதான் சொல்வாங்க. அது எட்டுக் கால்காரர். சிலந்தி, தேள் வகையறா. நம்ம ஹீரோ வேற.

இவர் பார்க்க கம்பளிப்புழு மாதிரி நீளமா இருப்பார். பெரும்பாலானவங்க சில சென்டிமீட்டர்தான். உடம்பு முழுக்க குட்டிக் குட்டி மேடுகள், அந்த மேடுகள் மேல நுண்ணிய செதில்கள். அதனாலதான் தொட்டா வெல்வெட் துணி மாதிரி இருக்காம். தண்ணித் துளி மேல பட்டா ஒட்டாம உருண்டு ஓடிடும். தலையில ரெண்டு உணர்கொம்பு. வயித்துக்குக் கீழே இனத்தைப் பொறுத்து 13 ஜோடியில இருந்து 43 ஜோடி வரைக்கும் தொளதொளன்னு கால்கள். உடம்புக்குள்ள இருக்குற திரவத்தோட அழுத்தம்தான் இவருக்கு எலும்புக்கூடு. காத்தடிச்ச பலூன் விறைப்பா நிக்குதில்ல... அதே டெக்னிக், காத்துக்குப் பதிலா தண்ணி. சுருக்கமா சொன்னா, நடமாடும் ஹைட்ராலிக் மெஷின்!

ஒவ்வொரு காலோட நுனியிலயும் ஒரு ஜோடி நகம். அதனாலதான் இந்தக் கூட்டத்துக்கே விஞ்ஞானிகள் 'ஆனிக்கோஃபோரா'ன்னு பேர் வெச்சாங்க. கிரேக்க மொழியில 'நகம் தாங்கி'ன்னு அர்த்தம். உலகத்துக்கு இவரை முதல்ல அறிமுகப்படுத்தினவர் லான்ஸ்டவுன் கில்டிங்னு ஒரு பாதிரியார். 1826-ல, கரீபியன் கடல்ல இருக்குற செயின்ட் வின்சென்ட் தீவுல இதைப் பார்த்துட்டு, 'கால் முளைச்ச நத்தை'ங்குற கணக்குல நத்தைக் குடும்பத்தோட சேர்த்துட்டார். ஓடில்லாத நத்தை ஒண்ணு எழுந்து நடந்து வந்தா யாருக்குத்தான் குழப்பம் வராது?

இப்ப அந்தக் குழப்பம் இல்லை. நத்தையும் இல்லை, மண்புழுவும் இல்லை, பூரானும் இல்லை... தனி ராஜ்யம். பூச்சி, சிலந்தி, நண்டுக் கூட்டத்துக்கும், 'நீர்க்கரடி'ன்னு சொல்ற நுண்ணுயிர்க் கூட்டத்துக்கும் இவர் பங்காளி முறை. இன்னொரு ஆச்சர்யம்... விலங்குகளோட பெரும் பிரிவுகள்ல, உயிரோட இருக்குற மொத்தப் பேரும் தரையில மட்டுமே வாழுற ஒரே பிரிவு இதுதான். ஆனா, முன்னோர் எல்லாம் கடல்வாசிகள்.

டைனோசருக்கு எல்லாம் தாத்தா!

எவ்ளோ பழைய குடும்பம் தெரியுமா? கனடாவுல 'பர்ஜஸ் ஷேல்'னு ஒரு பாறை அடுக்கு இருக்கு. சுமார் 50 கோடி வருஷத்துக்கு முன்னால கடலுக்கு அடியில சேறா இருந்த இடம். அங்க கிடைச்ச ஒரு புதைபடிவத்துக்கு 'ஹலூசிஜெனியா'ன்னு பேர். 'மனப்பிரமை'ங்குற வார்த்தையில இருந்து வந்த பேர். முதுகுல முள்ளு, கீழே வளையற காலுன்னு, கனவுல வர்ற பிராணி மாதிரியே இருக்கும். 1977-ல அதை வரைஞ்சப்போ தலைகீழா வரைஞ்சுட்டாங்க. முள்ளுதான் காலுன்னு நினைச்சு, முள்ளு மேல நிக்க வெச்சுட்டாங்க! 1991-லதான் அதைத் திருப்பிப் போட்டாங்க. 2014-ல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் அதோட நகத்தை உத்துப் பார்த்தா... ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அதுக்குள்ள ஒண்ணுன்னு அடுக்கடுக்கா இருக்கு. இன்னிக்கு உயிரோட இருக்குற வெல்வெட் புழுவோட நகமும் தாடையும் அச்சு அசல் அதே மாதிரி!

டைனோசர் வந்தது சுமார் 23 கோடி வருஷத்துக்கு முன்னாலதான். வந்துச்சு, ஆண்டுச்சு, போயிடுச்சு. நம்மாளு இன்னும் அழுகின மரக்கட்டைக்கு அடியில அமைதியா உட்கார்ந்திருக்கார். மியான்மர்ல கிடைச்ச சுமார் 10 கோடி வருஷப் பழைய மரப்பிசின்லகூட வெல்வெட் புழு ஒண்ணு சிக்கியிருக்கு.

இவ்ளோ சீனியருக்கு ஒரே ஒரு பலவீனம்... தாகம். உடம்பு முழுக்க சுவாசிக்கிறதுக்குக் குட்டிக் குட்டி ஓட்டைகள். பூச்சிகளுக்கும் அந்த ஓட்டை உண்டு, ஆனா அதுங்களால மூடிக்க முடியும். இவரால முடியாது. மூடாத ஜன்னல் வழியா ஏசி காத்து போற மாதிரி, உடம்பு ஈரம் போயிட்டே இருக்கும். அதனால ஈரமான காடு, இலைக்குப்பை, கல்லு இடுக்கு, ராத்திரி நேரம்... இதுதான் இவரோட அட்ரஸ். காட்டை வெட்டி வெயில் விழ வெச்சா, கேஸ் க்ளோஸ்.

எடு ஹோஸ் பைப்பை!

சரி, நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு வருவோம்.

ராத்திரி. காடு. ஒரு சில்வண்டு சிவனேன்னு உட்கார்ந்திருக்கு. நம்மாளு சத்தமே இல்லாம கிட்டே வர்றார். உணர்கொம்பால ரொம்ப மெதுவா, பூவைத் தொடுற மாதிரி தொட்டுப் பார்க்குறார். சாப்பிடுற சைஸா, நம்மளைச் சாப்பிடுற சைஸான்னு ஒரு கணக்கு. சரிப்பட்டு வரும்னு தெரிஞ்சா... தலையோட ரெண்டு பக்கமும் இருக்குற ரெண்டு குழாய்ல இருந்து பசையைப் பீய்ச்சுவார். அந்தக் குழாய்கள் ஒரு காலத்துல காலா இருந்து மாறினதாம்! பசை 30 சென்டிமீட்டர் தூரம்கூடப் போகும். காத்துல இப்படியும் அப்படியும் வளைஞ்சு, ரெண்டு தாரையும் ஒண்ணோட ஒண்ணு குறுக்கே விழுந்து, வலை மாதிரி பின்னிக்கும். இரை ஆடி அசைய முடியாம தரையோட ஒட்டிக்கும். அப்புறம் என்ன... அரிவாள் மாதிரி தாடையால ஓட்டை போட்டு, எச்சிலை உள்ளே விட்டு, உள்ளே இருக்குறதைக் கரைச்சு ஜூஸா உறிஞ்சிடுவார். காஞ்ச பசையையும் வழிச்சு சாப்பிட்டுடுவார். உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு அளவுக்குப் பசை இருக்கும். தீர்ந்துபோனா மறுபடி நிறைய சில வாரம் ஆகும். வேஸ்ட் பண்ண முடியுமா?

இப்ப கேள்வி. பசை இப்படியும் அப்படியும் ஆடுதே, அதை யார் ஆட்டுறாங்க? புழுவோட தசை ரொம்ப ஸ்லோ. ஆனா, அந்தத் தாரை செகண்டுக்கு 30-ல இருந்து 60 தடவை ஆடுது. நம்ம வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ்னு ஃபர்ஸ்ட் இயர்ல படிச்சோமே, கிட்டத்தட்ட அந்த வேகம். ஆடி அசைஞ்சு நடக்குற ஒரு புழுவால தசையை வெச்சு அவ்ளோ வேகமா ஆட்டவே முடியாது.

பதில் 2015-ல 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழ்ல வந்துச்சு. ஆந்த்ரேஸ் கோன்சா தலைமையில ஒரு டீம், ஹைஸ்பீட் கேமரா வெச்சுப் பார்த்தாங்க. விஷயம் ரொம்ப சிம்பிள். உள்ளே பசை சேர்ந்திருக்குற பை அகலம். வெளியே போற குழாய் குறுகல். தசை மெதுவா அமுக்கினாலே போதும், குறுகலான வாய்ல வேகம் எகிறிடும். நம்ம ஊசி சிரிஞ்ச் மாதிரி. 'பரப்பு இன்டு வேகம் கான்ஸ்டன்ட்'னு தேர்டு செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணினோமே, அதேதான்! செகண்டுக்கு 3-ல இருந்து 5 மீட்டர் வேகம். அதாவது, கொஞ்சம் அவசரமா சைக்கிள் மிதிக்கிற ஸ்பீடு.

அந்த வேகத்துல வெளியே போற திரவம், குழாயை எதிர்ப்பக்கம் தள்ளும். குழாய் லேசா வளையும். வளைஞ்ச குழாய்க்குள்ள ஓடுற திரவம் அதை இன்னும் வளைக்கப் பார்க்கும். குழாயோட ரப்பர் தன்மை பழைய இடத்துக்கு இழுக்கப் பார்க்கும். இந்த இழுபறியில ஒரு வேகத்தைத் தாண்டினதும் குழாய் தானா ஆட ஆரம்பிச்சிடும். மூளை உத்தரவு போடத் தேவையில்லை, நரம்பு சிக்னல் தேவையில்லை. ஹோஸ் பைப் கதைதான்! அந்த டீம் எலாஸ்டிக் குழாய்ல ஒரு செயற்கை மாடல் செஞ்சு ஆட வெச்சே காட்டிட்டாங்க.

அந்தப் பேப்பர்ல ஒரு பேரைப் பார்த்துட்டு நான் நாற்காலியில இருந்து எழுந்தே நின்னுட்டேன். எல்.மகாதேவன். ஹார்வர்டு பேராசிரியர். பி.டெக் படிச்சது எங்க தெரியுமா? நம்ம சென்னை ஐ.ஐ.டி-யில!

பசை இன்னொரு அதிசயம். பெரும்பகுதி தண்ணி, மிச்சத்துல முக்கியமானது புரதம். உள்ளே இருக்குறப்ப திரவம். வெளியே வந்து, இரை துள்ளி இழுக்க இழுக்க, நூலா இறுகிடும். நைலானுக்கு இணையான விறைப்பு. அந்தக் காஞ்ச நூலைத் தண்ணியில போட்டா கரைஞ்சிடும். அதுல இருந்து மறுபடியும் நூல் இழுக்கலாம்! ஆஸ்திரேலிய இனம் ஒண்ணை வெச்சு 2017-ல இதை நிரூபிச்சாங்க. சூடு பண்ணாம, கெமிக்கல் ஊத்தாம, சாதாரண தண்ணியில ரீசைக்கிள் ஆகுற ஒரு 'பிளாஸ்டிக்' எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

வெரைட்டியோ வெரைட்டி!

'ஒரே மாதிரி புழு, இதுல என்ன வெரைட்டி?'ன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. இதுவரைக்கும் 200-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பேர் வெச்சிருக்காங்க. ரெண்டு பெரிய குடும்பம். ஒண்ணு தெற்குப் பக்கம்... சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. இன்னொண்ணுதான் வெப்பமண்டலக் குடும்பம். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியன் தீவுகள், மேற்கு ஆப்பிரிக்காவுல காபோன் பக்கம், அப்புறம் தென்கிழக்கு ஆசியா.

கோஸ்டா ரிகாவுல 2010-ல ஒரு ராட்சசனுக்குப் பேர் வெச்சாங்க. 22 சென்டிமீட்டர்! நம்ம பெரிய ஸ்கேல்ல முக்கால் பங்கு. இதுவரைக்கும் தெரிஞ்ச வெல்வெட் புழுக்கள்லயே பெரியவர்.

ட்ரினிடாட்ல ஒரு இனத்துல ஆண் துணையே இல்லாம பெண்கள் குட்டி போடுற கூட்டம் இருக்கு. இந்த மொத்தக் குடும்பத்துலயும் அப்படித் தெரிய வந்திருக்குறது இது ஒண்ணுதான்.

ஆமா, குட்டிதான். முட்டை இல்லை! தென்புறத்துச் சில இனங்கள் முட்டை போடும். சிலது முட்டையை வயித்துக்குள்ளயே பொரிச்சு வெளியே விடும். ஆனா, அமெரிக்க வெப்பமண்டலக் காட்டு இனங்கள் பலதுல தாய்க்கும் சேய்க்கும் நடுவே நஞ்சுக்கொடி மாதிரியே ஒரு இணைப்பு. ஒரு வருஷத்துக்கும் மேலகூட சுமந்து பெத்தெடுக்கும். ஒரு புழு... பத்து மாசத்துக்கும் மேல சுமக்குதுன்னா, அம்மாக்கள் கவனிக்கவும்!

ஜமைக்காவுல ஒரு இனம் குகைக்குள்ளயே இருக்கு. அழிவின் விளிம்புல இருக்குறதா சிவப்புப் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. பிரேசில்ல அவுரோ ப்ரெட்டோங்குற ஊர் பக்கத்துல 1981-ல ஒரு பாதுகாப்புக் காட்டையே உருவாக்கினாங்க. எதுக்காக? புலிக்கா? குரங்குக்கா? இல்லை பாஸ். இந்தப் புழுவோட ஒரே ஒரு இனத்துக்காக!

நம்ம நாட்டுல..?

இதைத்தான் நானும் தேடினேன். இந்தியாவுக்கு ஒண்ணே ஒண்ணு. தமிழ்நாட்டுல இல்லை. அருணாச்சலப் பிரதேசத்துல, சியாங் நதிப் பள்ளத்தாக்குல. திபெத்துல இருந்து இறங்கி வந்து, அஸ்ஸாம்ல பிரம்மபுத்திராவா மாறுற அதே நதி.

கதை கொஞ்சம் சோகமானது. 1911-ல அந்த மலையில நோயல் வில்லியம்சன்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி கொல்லப்பட்டார். பழிவாங்க ஒரு பெரும் படையை அனுப்பினாங்க. அந்த மக்களை அப்ப 'அபோர்'னு மட்டமா கூப்பிட்டாங்க. அவங்க தங்களைச் சொல்லிக்கிற பேரு 'ஆதி'. துப்பாக்கிக்காரங்களோட பின்னாலேயே கல்கத்தா இந்திய மியூசியத்துல இருந்து ஸ்டான்லி கெம்ப்னு ஒரு விலங்கியல் ஆளும் போனார். ஒரு பக்கம் ஊர் மேல படையெடுப்பு. இன்னொரு பக்கம் இவர் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்க்குறார். அப்படிக் கிடைச்சதுதான் இந்தப் புழு. கண்ணு வெளியே தெரியாததால, 'குருட்டு'ங்குற அர்த்தத்துல 'டிஃப்லோபெரிபேட்டஸ் வில்லியம்சோனி'ன்னு பேர் வெச்சார். பேரோட பின்பாதியைப் பாருங்க. பிராணியோட பேர்லயே அந்த 1911 ஒட்டிட்டிருக்கு.

அதுக்கப்புறம்? ஒண்ணுமில்லை. 111 வருஷம் விஞ்ஞானிகள் கையில அது சிக்கவே இல்லை. உலகப்போர் ரெண்டு வந்துச்சு, நாடு சுதந்திரம் வாங்குச்சு, நிலாவுக்கு ராக்கெட் விட்டோம்... புழுவைக் காணோம். கடைசியா பெங்களூரு 'ஏட்ரீ' நிறுவன ஆராய்ச்சியாளர்கள் சியாங்குக்குப் போய், பழைய பயண வழியிலேயே தேடி, கண்டுபிடிச்சாங்க. முதல் தடவையா அதோட மரபணுவையும் படிச்சாங்க.

அதே பள்ளத்தாக்குலதான் சுமார் 11,000 மெகாவாட் திறனுள்ள ஒரு பிரமாண்ட அணைத் திட்டம் பேச்சுல இருக்கு. மின்சாரத்துக்கும், மேலே சீனா கட்டுற அணையால வரக்கூடிய ஆபத்தைச் சமாளிக்கவும் இது தேவைன்னு மத்திய அரசு சொல்லுது. நிலமும் வீடும் மூழ்கிடும்னு ஆதி கிராமத்து மக்கள் நிறைய பேர் எதிர்த்துப் போராடியிருக்காங்க. அங்க நடக்குறது புழுவுக்கான சண்டை இல்லை, மனுஷங்களோட வாழ்க்கைக்கான சண்டை. நாளைக்கு நானே அப்படியொரு அணையோட டர்பைனை டிசைன் பண்ற வேலையில உட்காரலாம். உட்காரும்போது, அந்தத் தண்ணிக்கு அடியில போற கல்லுக்குக் கீழே என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுட்டு உட்காரணும்னு தோணுது. 111 வருஷம் யார் கண்லயும் படாததாலேயே ஒண்ணு 'இல்லை'ன்னு ஆகிடாதே.

நாலு பேர், ஒரு புழு!

இனிமேதான் என் பிரச்னை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இப்பவே தலைப்பு கொடுக்கணும். எங்க க்ரூப்ல நாலு பேர். பக்கத்து சிட்டியில ஒரு ப்ராஜெக்ட் சென்டர் இருக்கு. ஆளுக்கு நாலாயிரம் கொடுத்தா, மெஷின், ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்குக் கேள்வி-பதில்னு மொத்தமா பொட்டலம் கட்டிக் கொடுத்துடுவாங்க. சீனியர்ஸ் பலர் அப்படித்தான். சோலார் புல்வெட்டி, சோலார் மருந்து தெளிப்பான், சோலார் ஏதோ ஒண்ணு. போன வருஷம் வந்த அதே மெஷின் பெயின்ட் மட்டும் மாறி இந்த வருஷமும் வரும்.

நான் 'நம்மளே செய்வோம்டா, தானா ஆடுற நாசில்'னு சொன்னேன். ரூம்மேட் சிரிச்சான். இன்னொருத்தன் 'புழுவை வெச்சு மெக்கானிக்கல் ப்ராஜெக்ட்டா?'ன்னான். ஆனா, என்னை வாயடைக்க வெச்சது எங்க க்ரூப்ல இருக்குற பொண்ணுதான். அவங்க வீட்டுல முதல் பட்டதாரி. எஜுகேஷன் லோன். 'ரிவ்யூல மார்க் போச்சுன்னா, உன் புழுவா வந்து எனக்கு வேலை வாங்கித் தரும்?'

சொல்லுங்க, இதுக்கு என்ன பதில் இருக்கு? 'ஆர்வம்தான் முக்கியம்'னு டயலாக் விடுறது ஈஸி. எங்கப்பா உடுமலைப்பேட்டை பக்கத்துல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கார். எனக்கு வேலை கிடைக்க லேட்டானாலும் கடையில ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கலாம். அவளுக்கு அந்த ஸ்டூல் கிடையாது. என் ஆர்வத்துக்கு அவ ஏன் விலை கொடுக்கணும்?

அந்த வாரம் ஊருக்குப் போனேன். அந்தப் புழு பீய்ச்சுற வீடியோவை செல்போன்ல அப்பாகிட்ட காட்டினேன். அம்மா, 'சாப்பிடறப்பத்தான் புழுவைக் காட்டோணுமா கண்ணு?'ன்னு தட்டோட எழுந்து போயிட்டாங்க. அப்பா மட்டும் மூணு தடவை போட்டுப் பார்த்தார்.

'ஏஞ்சாமி, இது நம்ம மருந்தடிக்கற ஸ்ப்ரேயர் கணக்கால்ல இருக்குது! என்ன, நம்மாளு கையை இப்புடியும் அப்புடியும் ஆட்டீட்டே நடக்கோணும். சாயங்காலம் தோள்பட்டை உட்டுப்போயிரும். இதுக்கு அந்த வேலையே இல்லையாட்ட இருக்குதே..?'

அவ்ளோதான். மூணு மாசமா எனக்குத் தோணாதது, அவருக்கு மூணு நிமிஷத்துல தோணிடுச்சு! மோட்டார் இல்லாம, கரண்ட் இல்லாம, வர்ற தண்ணியோட வேகத்துலயே தானா இடமும் வலமும் ஆடுற ஒரு தெளிப்பான் நாசில். கடையில இருந்து பழைய சிரிஞ்ச், மீன் தொட்டி ட்யூப், பலூன்னு ஒரு பை நிறைய அள்ளிட்டு வந்துட்டேன்.

ஹாஸ்டல் பாத்ரூம்தான் லேப். மீன் தொட்டி ட்யூப் விறைப்பு, அசையலை. பலூனோட கழுத்துப் பகுதியை வெட்டி மாட்டினோம். ரூம்மேட் (அதே சிரிச்சவன்தான்) சிரிஞ்சை அமுக்க, நான் செல்போன்ல செகண்டுக்கு 240 ஃப்ரேம் வெச்சுப் பிடிக்க... மெதுவா அமுக்கினா நேரா ஒழுகுது. வேகமா அமுக்கினா, டக்குனு ஆட ஆரம்பிக்குது! ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 20 ஃப்ரேம். அதாவது, செகண்டுக்கு 12 தடவை. புழு அளவுக்கு இல்லைதான். ஆனா, ஆடுச்சு ஃப்ரெண்ட்ஸ்!

வீடியோவைக் கைடுகிட்ட காட்டினோம். 'காரோட முன் கண்ணாடி கழுவுற நாசில்ல ஏற்கெனவே இந்த மாதிரி இருக்கேப்பா?'ன்னார். நல்ல கேள்வி. அதுல நாசிலுக்கு உள்ளே இருக்குற வழியோட வடிவமே தண்ணியை ஆட வைக்கும், நாசில் அசையாது. இங்க நாசிலே ஆடுது, செய்யறதும் சுலபம். அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, 'ஃபர்ஸ்ட் ரிவ்யூ வரைக்கும் பண்ணுங்க. எத்தனை வேகத்துல ஆட ஆரம்பிக்குது, எவ்ளோ அகலத்துக்குத் தெளிக்குதுன்னு கிராஃப் வேணும்'னார்.

அந்தப் பொண்ணு இன்னும் முழுசா சரின்னு சொல்லலை. ஒரு கண்டிஷன் போட்டிருக்கா. ஃபர்ஸ்ட் ரிவ்யூக்கு முந்தின வாரத்துக்குள்ள கிராஃப் உருப்படியா வரலைன்னா, பேசாம எல்லாரும் சோலார் புல்வெட்டிக்குப் போயிடணும். பேப்பர்ல எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். எனக்கு அது நியாயமா படுது. நேத்து சாயங்காலம் கிராஃப் ஷீட்டுல கட்டம் போட்டு, எக்ஸ் அச்சு, ஒய் அச்சு எழுதினதும் அவதான்.

உங்க க்ரூப்லயும் இப்ப இந்தப் பேச்சு ஓடிட்டு இருக்கலாம். ரெடிமேடா வாங்கலாமா, நாமளே முட்டி மோதலாமான்னு. 'வாங்காதீங்க'ன்னு உபதேசம் பண்ண எனக்கு வயசும் இல்லை, தைரியமும் இல்லை. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். காசு கொடுக்கறதுக்கு முன்னால, உங்க வீட்டுல கையால வேலை பார்க்குற யாராவது ஒருத்தர்கிட்ட, உங்க மனசுல இருக்குற ஐடியாவை மூணு நிமிஷம் சொல்லிப் பாருங்க. லேத் ஓட்டுற மாமாவோ, தையல் மெஷின் மிதிக்கிற அத்தையோ... யாரா இருந்தாலும் சரி.

எங்களுக்கு இன்னும் 19 நாள் இருக்கு. பலூன் தீர்ந்துபோச்சு, வாங்கப் போகணும்.